குளிர் வந்ததும் கம்போஸ்ட் தொட்டிக்குள் எலி

சருகுக்கூடை:
வணக்கம். தோட்டத்து மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கம்போஸ்ட் தொட்டி வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் திறந்தது, நேராக மண்ணிலேயே நிற்கிறது. வெயில் காலம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. குளிர் ஆரம்பித்ததும் தொட்டியை ஒட்டி ஒரு பொந்து வந்திருக்கிறது, வாயோரத்தில் மண் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் ஒரு ஓரமாகச் சருகையும் கிழித்த அட்டையையும் உருட்டிக் கூடு கட்டி வைத்திருக்கிறது. நான் போடுவது காய்கறித் தோல், பழத்தோல், முட்டை ஓடு அவ்வளவுதான். கறி, மீன், எண்ணெய் பட்டது எதுவும் கிடையாது. பிறகு ஏன் வருகிறது? விஷம் வைக்கச் சொல்கிறார்கள், வீட்டில் பூனை இருக்கிறது, எனக்கு மனசே இல்லை. குளிர் முடியும்வரை கம்போஸ்ட்டை நிறுத்திவிடலாமா? தோட்ட வேலையும் மலைபோல் கிடக்கிறது, எதை முதலில் பிடிப்பது என்றே தெரியவில்லை.

இலைக்கிறுக்கன்:
புதினா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து நாலு பக்கமும் வையுங்கள். மிளகாய்த்தூளும் தூவலாம். வாசனைக்கே ஓடிவிடும்.

பழைய மண்வெட்டி:
தம்பி சொன்னது ஒரு மழை வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகு எலிக்கு அதுவும் பழகிவிடும்.

அம்மா, நீங்கள் போடுகிற கழிவில் குற்றமில்லை. சாப்பாடு அதற்கு உபரிதான், குடியிருக்கவே வந்திருக்கிறது, கூட்டைப் பார்த்தாலே தெரிகிறதே. குளிரில் எலிக்கு வேண்டியது காற்று படாத இடம், ஈரமில்லாத படுக்கை, தொந்தரவு செய்ய ஆளில்லாத அமைதி. நாமும் குளிர் வந்தால் கழிவைக் கொட்டி மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுகிறோம். கிளறுவது கிடையாது, தண்ணீர் காட்டுவது கிடையாது. மூன்றையும் நாமே செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் பொந்தில் காகிதத்தைக் கசக்கித் தளர்வாக அடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். வெளியே தள்ளியிருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தொட்டியைத் திறக்கும்முன் பக்கவாட்டில் பலமாகத் தட்டி, அது கிளம்பிப் போக அவகாசம் கொடுங்கள். கையுறை கட்டாயம். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். கூட்டைக் காய்ந்தபடியே இழுக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள், தூசி பறக்காது.

அடுத்ததுதான் நிரந்தர வேலை. தொட்டியைக் காலி செய்து, நகர்த்தி, அடியில் கம்பி வலை போடுங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலை வேண்டாம், அதன் கண்ணில் சுண்டெலி சாவகாசமாக நுழைந்துவிடும். சதுரக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய இரும்பு வலை, கண் 6 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. மண்புழு அதில் தாராளமாக ஏறி வரும். வலை தொட்டியைவிட அகலமாக இருக்கட்டும், ஓரத்தை ஒரு சாண் உயரத்துக்கு மேலே மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். எலி பிளாஸ்டிக்கையே கடித்துத் துளைக்கும், அது பல் வைப்பது பெரும்பாலும் தரையை ஒட்டிய விளிம்பில்தான். காற்றுத் துளைகள் பெரிதாக இருந்தால் அங்கேயும் உள்பக்கமாக வலைத்துண்டு வைத்துவிடுங்கள்.

பிறகு வழக்கத்தை மாற்ற வேண்டும். கழிவை மேலே கொட்டாமல் நடுவில் குழி பறித்துப் போட்டு, மேலே 10 முதல் 15 செ.மீ. சருகு மூடுங்கள். வாரம் ஒருமுறையாவது கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான ஈரம். ஈரமாக, அடிக்கடி ஆட்டம் காண்கிற இடத்தில் எலி குட்டி போடாது.

விஷம் வேண்டாம் என்ற உங்கள் மனசு சரிதான். விஷம் தின்ற எலி தள்ளாடித் திரியும், அதைப் பூனையோ ஆந்தையோ பிடித்தால் விஷம் அதற்கும் போகும்.

நிறுத்தவும் வேண்டாம். குளிரில் மக்குவது மெதுவாகும், உறைந்தே போனால் நின்றுவிடும். ஆனால் உறைந்து இளகும்போது தோலெல்லாம் நைந்துபோவதால், சூடு திரும்பியதும் குவியல் மடமடவென்று இறங்கும்.

தொட்டிச்செடி:
இடையில் புகுந்து கேட்கிறேன். என் தொட்டியில் எலி இல்லை, எறும்பும் குட்டிக்குட்டி ஈக்களும்தான். அதற்கு?

பழைய மண்வெட்டி:
எறும்பு என்றால் உள்ளே காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். ஈ என்றால் பழத்தோல் வெளியே தெரிகிறது, மூடுங்கள்.

சருகுக்கூடை:
மிக்க நன்றி ஐயா. காகிதம் அடைத்துப் பார்த்தேன், காலையில் துண்டு துண்டாக வெளியே கிடந்தது. வார இறுதியில் வலை போடுகிறேன். அப்படியே மற்ற வேலைகளையும் சொல்லிவிடுங்களேன்.

பழைய மண்வெட்டி:
உறைபனி விழுகிற இடமென்றால் தண்ணீர்க் குழாயில் ஆரம்பியுங்கள். ஹோஸைக் கழற்றி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துச் சுருட்டி வையுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், வெளிக்குழாயும் மண்தொட்டியும் வெடிப்பது அதனால்தான்.

அடுத்து சருகு. எரிக்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். அதைச் சாக்கில் கட்டி மழை படாத இடத்தில் வைத்தால் குளிர்காலம் முழுக்க கம்போஸ்ட்டுக்கு மூடாக்கு கையில் இருக்கும். ஆனால் சாக்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள், எலிக்கு அடுத்த வீடு அதுதான். விறகு, பழைய பலகை எதுவும் தொட்டியோரம் சாய்ந்து கிடக்கக்கூடாது. நாலு பக்கமும் ஓர் அடியாவது வெறுந்தரையாக இருக்கட்டும், எலிக்குத் திறந்த வெளியில் ஓடப் பிடிக்காது.

நோய் கண்ட இலை, விதை முற்றிய களை இரண்டையும் குவியலில் சேர்க்காதீர்கள். அந்த நோய்க்கிருமியும் களை விதையும் சாக 55 டிகிரி செல்சியஸ் சூடாவது சில நாள் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் சின்னத் தொட்டி அந்தச் சூட்டை எட்டாது.

கிளை வெட்டிவிடுகிற கவாத்துக்கு அவசரப்படாதீர்கள். இளவேனிலில் பூக்கிற புதர்கள் மொட்டை இப்போதே சுமந்திருக்கும், இன்று வெட்டினால் அந்தப் பூவெல்லாம் போச்சு. கருவிகளை மண் போகத் தேய்த்து எண்ணெய் தடவி வைப்பதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாம், மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சருகுக்கூடை:
கடைசியாக ஒன்று. எலி இருந்த அந்தக் கம்போஸ்ட்டை என்ன செய்வது? கொட்டிவிடவா?

பழைய மண்வெட்டி:
கூட்டையும், புழுக்கை தெரிகிற பகுதியையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மீதியைத் திரும்பத் தொட்டியில் போட்டு நன்றாக மக்கவிட்டு, மரத்தடிக்கும் பூச்செடிக்கும் போடுங்கள். பச்சையாகத் தின்கிற கீரை, கிழங்குப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.