மெக்கானிக்கல் வால்வு: ஐஎன்ஆர் நிக்கவே மாட்டேங்குது

அம்மாவுக்கு 58, மதுரை. இதயத்துல மைட்ரல் வால்வு மாத்தி ஏழு வாரம். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு) 2.5–3.5 இருக்கணும்; கடைசி நாலு வாரமா 1.9, 4.1, 2.1, 3.9. 4.1 வந்தப்போ பல் தேய்க்கையில ஈறுல ரத்தம், முன்கையில நீலத் திட்டு. மலம் கறுக்கலை.

அசிட்ரோம் (ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை) ஒருநாள் 2, மறுநாள் 4 மில்லிகிராம், ராத்திரி 8 மணிக்கு. ஒரு வேளைகூடத் தவறலை. முருங்கைக்கீரை வாரம் மூணு நாள், அதே ஒரு கரண்டி (அடியோட நிறுத்தினா ஐஎன்ஆர் ஏறிடும்). ஒரே லேப். ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் இல்லை.

வாரத்துக்கு ஏழு நாள்ங்கறதால டெஸ்டுக்கு முந்தின ராத்திரி ஒரு வாரம் 2, அடுத்த வாரம் 4. எனக்கு அதுலதான் சந்தேகம். இதே வேலை செய்யுற வார்ஃபரின் மாத்திரை அளவுக்கு அசிட்ரோம் உடம்புல ரொம்ப நேரம் தங்காது.

வியாழன் டாக்டரைப் பார்க்கணும். இதே மாதிரி ஏறி இறங்கினவங்களுக்கு, டாக்டர் தினமும் ஒரே டோஸாக்கினதுல நின்னுச்சா, வார்ஃபரினுக்கு மாத்தினதுலயா?