தாத்தா வீட்டு விழுதுகள் குழு: அத்தையின் 72 கிலோ

ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தேதி

மல்லிகா அத்தை, காலை 7.41: இன்றைக்கும் 72.1. எடை மெஷினை ஹாலில் வைத்துப் பார்த்தாயிற்று, பூஜை அறையில் வைத்தும் பார்த்தாயிற்று. ஏழு வாரமாக இதே நம்பர். மழை பெய்தாலும் குடையோடு போய் ரேஸ்கோர்ஸ் இரண்டு சுற்று வருகிறேன். முழுசாக 5 கிலோமீட்டர். இனி நான் என்னதான் செய்வது?

பெரியப்பா, 7.43: (காலை வணக்கம் படம், ரோஜாப்பூ)

அம்மா, 7.50: மல்லிகா, கொள்ளு சேர்த்துக்கொள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்.

மல்லிகா அத்தை, 7.52: திங்கள், வியாழன் கொள்ளுப் பருப்பு கடைகிறேன் அண்ணி. வடித்த தண்ணியில் ரசமும் வைக்கிறேன். மெஷினுக்குத்தான் அது தெரியவில்லை.

கார்த்தி, 7.53: மெஷினுக்கும் ஒரு டம்ளர் ரசம் ஊற்றிப் பாருங்கள் அத்தை 😂

கவிதா, 8.10: கொள்ளு கொழுப்பைக் கரைக்காது அம்மா. ஆனால் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வயிறு சீக்கிரம் காலியாகாது. அத்தை, அதை விட்டுவிடாதீர்கள். முதல் 4 மாதத்தில் 78இலிருந்து 72க்கு வந்தீர்கள் இல்லையா, விஷயமே அதில்தான் இருக்கிறது. 6 கிலோ அரிசிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடிய உடம்பு அது. இப்போது பையை இறக்கி வைத்துவிட்டது, செலவும் குறைந்துவிட்டது. நாளுக்கு 100, 150 கலோரி குறையும். 78 கிலோ அத்தைக்குப் பற்றாமல் இருந்த அதே சாப்பாடு 72 கிலோ அத்தைக்குச் சரியாகப் போகிறது. அதனால்தான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மல்லிகா அத்தை, 8.14: இன்னும் குறைக்கச் சொல்கிறாயா கண்ணு? காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு தோசை. இதில் எதைக் குறைப்பது?

மாமா, 8.15: வடை.

மல்லிகா அத்தை, 8.15: உங்களை யாராவது கேட்டார்களா?

மாமா, 8.17: நடை முடிந்ததும் தோழிகளோடு காபி, பருப்பு வடை. போன வாரம் கூட்டிவரப் போனபோது கண்ணால் பார்த்தேன்.

மல்லிகா அத்தை, 8.18: வாரத்தில் மூன்று நாள்தான். அதுவும் ஒரே ஒரு வடை.

கார்த்தி, 8.18: வடைக்காகத்தான் மழையிலும் குடையோடு போகிறீர்களா?

கவிதா, 8.25: வடையை அப்புறம் பார்க்கலாம். மாமா, கடைசி எண்ணெய் பாக்கெட்டை எப்போது பிரித்தீர்கள்?

மாமா, 8.31: கடலை எண்ணெய், 1 லிட்டர். 3ஆம் தேதி பிரித்தது, நேற்று காலி. (படம்: காலி பாக்கெட்)

கவிதா, 8.40: இரண்டு பேருக்கு 12 நாள். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 340 வருகிறது. அத்தை இரண்டு சுற்று நடந்து எரிப்பது 250ஐத் தாண்டாது.

மல்லிகா அத்தை, 8.42: நான் வீட்டில் எதையும் பொரித்தே மாதக்கணக்காகிறது!

அம்மா, 8.45: பொரிக்க வேண்டுமா என்ன? உன் தோசையை நான் பார்த்திருக்கிறேன் மல்லிகா. கரண்டியெல்லாம் கிடையாது, எண்ணெய்த் தூக்கை அப்படியே சாய்ப்பாய். தோசை கல்லில் மிதந்துகொண்டே வேகும்.

கவிதா, 8.47: ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று டயட்டீஷியன்கள் சொல்வார்கள். ஒரு லிட்டர் உங்கள் இருவருக்கும் முழு மாதம் வர வேண்டும். புது பாக்கெட்டில் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள் அத்தை, கலோரி ஆப் எதுவும் வேண்டாம்.

திவ்யா, 9.02: அத்தை, தைராய்டு மாத்திரை எப்போது போடுகிறீர்கள்?

மல்லிகா அத்தை, 9.03: காலையில் காபியோடு.

திவ்யா, 9.05: அச்சோ. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

மாமா, 9.11: இன்னொன்று. நடக்க ஆரம்பித்த பிறகு மதியம் ஒன்றரைக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுகிறாள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது இப்போது என் டிபார்ட்மென்ட்.

கவிதா, 9.20: நடந்ததை உடம்பு மதியமே கணக்குத் தீர்த்துவிடுகிறது. துணி காயப்போடும் வேலையை மாமாவிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் அத்தை. அப்புறம், நடை மட்டும் போதாது. வாரம் 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. ஜாக்கெட் எப்படி இருக்கிறது?

மல்லிகா அத்தை, 9.24: அதை ஏன் கேட்கிறாய். தை மாதம் தைத்தது தோளில் நிற்கவில்லை. டெய்லர் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தார், போன வாரம் மறுபடியும் தொளதொள.

கவிதா, 9.25: அப்போ உடம்பு சும்மா நிற்கவில்லை. மெஷினை வாரம் ஒரு நாள் பாருங்கள், டேப்பை மாதம் ஒரு நாள். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.

பெரியப்பா, 9.27: ஆண்களுக்கு?

கவிதா, 9.27: 90, பெரியப்பா.

(அதற்குப் பிறகு இரண்டு நாள் பெரியப்பாவிடமிருந்து காலை வணக்கம்கூட வரவில்லை.)

ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 8.05: மல்லிகா, என்ன ஆயிற்று? சத்தத்தையே காணோம்.

மல்லிகா அத்தை, 8.09: 71.0 அண்ணி! டிஎஸ்எச் சரியாக இருக்கிறதாம், காபியை மட்டும் தள்ளிப்போடச் சொன்னார் டாக்டர். வடை சனிக்கிழமை மட்டும். நாற்காலியில் பத்தாவது தடவை எழும்போது முழங்கால் பழைய கதவு மாதிரி கத்துகிறது, ஆனால் எழுந்துவிடுகிறேன். எண்ணெய் பாக்கெட் 26 நாள் வந்தது.

மாமா, 8.12: எனக்கு 1.2 கிலோ குறைந்திருக்கிறது. நான் எங்கேயும் நடக்கவில்லை.

மல்லிகா அத்தை, 8.13: இதற்கா நான் அஞ்சு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன்?

மாமா, 8.14: இன்றைக்குத் தோசைக்கு மட்டும் கொஞ்சம் சாய்த்து ஊற்று.