பீர்க்கு பூத்துத் தள்ளுது, ஒரு காய்கூட நிக்கலை (பெங்களூரு, 9-ஆவது மாடி)

பால்கனிவாசி:
ஹெப்பால் பக்கம், கிழக்கு பார்த்த பால்கனி, புறா வலை கட்டியிருக்கு. 50 லிட்டர் பையில் பீர்க்கு 2 கொடி, 15 லிட்டர் தொட்டிகளில் தக்காளி 4, கத்தரி 3, ஓரத்தில் மஞ்சள் ஃபேஷன் ஃப்ரூட் 1. பீர்க்கில் பெண் பூ விரல் நீளப் பிஞ்சோடு வருது, மூணாம் நாள் நுனியிலிருந்து மஞ்சளாகி உதிருது. தினமும் காலை 8 மணிக்கு பிரஷ்ஷால் ஆண் பூவிலிருந்து எடுத்துத் தடவறேன். தக்காளி, கத்தரிக்கும் அதே பிரஷ்தான், அதுவும் கொட்டுது. ஃபேஷன் ஃப்ரூட் பூ பார்க்க அவ்வளவு அழகு, காய் சுத்தமா இல்லை. நர்சரியில் டிஏபியும் போரானும் போடச் சொல்றாங்க. இது உரக்குறையா, தேனீ வராத குறையா?

கொடிப்பந்தல்:
பீர்க்கைப் பொறுத்தவரை இரண்டுமில்லை, உங்கள் கடிகாரம்தான் தப்பு. வரி வரியாக விளிம்பு உள்ள பீர்க்கு மாலையில் பூக்கும் செடி. 5 மணிக்கு மேல் மொட்டு அவிழும், இருட்டும் நேரத்தில்தான் மகரந்தம் நன்றாக உதிரும். காலை 8 மணிக்கு நீங்கள் தடவுவது நேற்றைய பூவை. சுரையும் புடலும் இதே கட்சிதான். இந்த மூன்றையும் தேடி வருவது முக்கியமாக அந்துப்பூச்சிகள். பறந்தபடியே ஒரே இடத்தில் நின்று நீண்ட குழலை நீட்டித் தேன் குடிக்கும் பெரிய வகையும் அதில் உண்டு. புறா வலைக்குள் அவ்வளவு அகலச் சிறகு நுழைவது சிரமம். பாகல், பூசணி, வெள்ளரி மூன்றும் காலைப் பூ. அவற்றுக்கு நீங்கள் செய்வது சரி, ஆனால் 8 மணிக்குப் பதில் 7 மணி இன்னும் நல்லது.

விதைப் பாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். இங்கே கடையில் "ஹீரேகாய்" என்றால் விளிம்புள்ள பீர்க்கு. "துப்பத ஹீரேகாய்" என்றால் வழவழப்பான நுரைபீர்க்கு. பின்னது அடர்மஞ்சளாக விடியற்காலையில் பூக்கும். பூ வெளிர்மஞ்சளாக மாலையில் அவிழ்ந்தால் உங்களுடையது முதல் வகைதான்.

செய்முறை: மாலை ஆறரை வாக்கில் அன்று அவிழ்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் நடுப்பகுதி) நேராக உருட்டுங்கள். பிரஷ் வேண்டாம், பாதி மகரந்தம் மயிரிலேயே ஒட்டிக்கொள்ளும். சூல்முடி மூன்று மடலாக இருக்கும், மூன்றிலும் மஞ்சள் பொடி தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்க விதை மட்டும் சூல்கொண்டு காய் கோணிக்கொள்ளும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குத் தாராளம். காம்பில் நூல் கட்டித் தேதி குறித்து வையுங்கள். 3, 4 நாளில் பிஞ்சு பருத்தால் பிடித்துவிட்டது.

இந்த ஊரில் இன்னொரு வம்பு, மழை. ஏப்ரல், மே கோடை மழையும் செப்டம்பர், அக்டோபர் இடிமழையும் பெரும்பாலும் பீர்க்கு அவிழும் அதே மாலை நேரத்தில் வரும். மகரந்தத்தில் தண்ணீர் பட்டால் வெடித்து வீணாகிவிடும். மேகம் கூடும் நாளில் அன்று மாலையே அவிழப்போகிற பருத்த ஆண் மொட்டுகளை 4 மணிக்கே பறித்து, வீட்டுக்குள் டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள், அங்கேயே அவிழும். பெண் மொட்டுக்கு பட்டர் பேப்பர் குல்லாய் போட்டு, மழை விட்டபின் கழற்றித் தடவிவிட்டு மறுபடி மூடுங்கள்.

அப்புறமும் உதிர்ந்தால் உதிர்ந்த பிஞ்சை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு, தோலில் ஊசி குத்திய புள்ளியில் பிசின் என்றால் அது பழ ஈ. சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை.

டிஏபி இப்போது வேண்டாம். அதில் 18 சதவீதம் தழைச்சத்து. ஏற்கெனவே கொடி மதமதவென்று இருந்தால் இலைதான் கூடும்.

அதிர்வலை:
தக்காளி, கத்தரிக்குப் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க. இந்த இரண்டிலும் மகரந்தம் வெளியே பூசினாப்ல இருக்காது, பைக்குள்ளே அடைபட்டிருக்கும். கத்தரியில் மகரந்தப்பை நுனியில் ரெண்டு ஓட்டை, தக்காளியில் எல்லாப் பையும் சேர்ந்து கூம்பாகி உள்பக்கமா வெடிக்கும். உப்புக் குடுவையைக் குலுக்கற மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டும் (மரத்தைக் குடையற பெரிய கறுப்புத் தேனீ) நீலக்கோடு போட்ட தேனீயும் பூவைக் கவ்விப் பிடிச்சு, சிறகை அடிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். அந்த "ஙீங்" சத்தத்தோட மகரந்தம் அதன் வயித்தில் கொட்டும். நம்ம அடுக்குத்தேனீக்கும் மலைத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது.

வீட்டில் பழைய எலக்ட்ரிக் டூத் பிரஷ் இருந்தா அதன் முதுகைப் பூங்கொத்தின் காம்பில் (பூவில் இல்லை) 2, 3 விநாடி வையுங்க. காலை 10 முதல் 1 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள். கீழே கறுப்புக் காகிதம் பிடிச்சா பொடி விழறது தெரியும். விழலைன்னா காற்றில் ஈரம் அதிகம், வெயில் ஏறட்டும்.

ரெண்டு எச்சரிக்கை. பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவு 22-க்குக் கீழே இறங்காட்டியோ தக்காளி மகரந்தமே பலவீனமாயிடும், என்ன குலுக்கியும் பலனில்லை. கண்ணாடி அடைச்ச பால்கனி ஏப்ரலில் இந்த அளவை எளிதா எட்டும். கத்தரியில் சூல்முடி மகரந்தப்பைக்கு உள்ளேயே குட்டையா ஒளிஞ்சிருக்கிற பூக்கள் உண்டு. அவை உதிரத்தான் செய்யும், கவலைப்படாதீங்க. சூல்முடி வெளியே நீட்டியிருக்கிற பூவை மட்டும் எண்ணுங்க.

போரான் பற்றி: மகரந்தக் குழல் வளர அது தேவைதான், மறுக்கலை. ஆனா லிட்டருக்கு 1 கிராம் போரிக் ஆசிட்டுக்கு மேல் போனால் இலை ஓரம் கருகும். முதலில் குலுக்கிப் பாருங்க.

மரவட்டை:
ஃபேஷன் ஃப்ரூட்டுக்கு நான் சொல்றேன். மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கொடி என்றால் நூறு பூ பூத்தாலும் காய் இராது. அதன் கிளையை வெட்டி வைத்து இரண்டாவது கொடி வளர்த்தாலும் பயனில்லை, அதுவும் அதே செடிதான். விதையிலிருந்து வந்த வேறொரு கொடி வேண்டும். இடமில்லை என்றால் ஊதா வகை வையுங்கள், அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

ஊதா விடியலில் அவிழ்ந்து நண்பகலுக்குள் மூடும். மஞ்சள் நண்பகல் வாக்கில் அவிழும். அவிழ்ந்ததும் மூன்று சூல்முடிகளும் மேலே நிமிர்ந்து நிற்கும், ஒரு மணி நேரத்தில் குனிந்து மகரந்தப்பை மட்டத்துக்கு வரும். குனிந்தபின் தொடுங்கள். குனியவே குனியாத பூக்களும் வரும், அவற்றை விட்டுவிடுங்கள். மகரந்தம் பசைபோல் இருப்பதால் விரலே போதும். பிறகு 2 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

பால்கனிவாசி:
மூணு பேருக்கும் நன்றி. அப்போ கொசுத்தேனீப் பெட்டி ஒண்ணு வாங்கி வெச்சா வேலை மிச்சமாகுமா? நர்சரியில் இன்னொரு யோசனையும் சொன்னாங்க, அத்திச் செடிக்கு இந்த மகரந்தத் தொல்லையே கிடையாதாம். நிஜமா?

மரவட்டை:
பெட்டி உங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது. கொசுத்தேனீ இருட்டில் பறக்காது, அதனால் பீர்க்குக்கு இல்லை. பூவை அதிர வைக்காது, அதனால் தக்காளிக்கு இல்லை. ஃபேஷன் ஃப்ரூட்டில் கீழே நின்று மகரந்தத்தைச் சுருட்டிக்கொண்டு சூல்முடியைத் தொடாமலே போய்விடும், அந்தப் பூவுக்கு அது திருடன். கொத்தமல்லி, துளசி, கடுகு பூக்கவிட்டால் அதற்குக் கொண்டாட்டம், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. உங்களுக்கு வேண்டியது கருவண்டு. அதற்கு ஒரு பெரிய தொட்டியில் ஆவாரை வையுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, குலுக்கினால் கொட்டும் மகரந்தம் மட்டும்தான், ஆகவே குலுக்கத் தெரிந்தவர்களே வருவார்கள். ஒரு முனை கணுவால் அடைபட்ட காய்ந்த மூங்கில் துண்டுகளை நனையாத மூலையில் படுக்கையாகக் கட்டினால் கூடும் வைக்கலாம். வேப்பெண்ணெய் அடிப்பதானால் பூ அவிழ்ந்திருக்கும் நேரம் பார்த்து அடிக்காதீர்கள்.

கொடிப்பந்தல்:
அத்தி விஷயம் பாதி நிஜம். "அத்தி பூத்தாற்போல" என்கிறோம், உண்மையில் அது பூக்காமல் இல்லை, காய் என்று நாம் பார்ப்பதே உட்புறமாகக் கவிழ்ந்த பூங்கொத்து. சாலையோரம் அடிமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்திக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு குளவி கட்டாயம். பெண் குளவி நுனித்துளை வழியே நெருக்கி நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும், திரும்ப வழியில்லை. உள்ளே மகரந்தம் சேர்த்து முட்டையிட்டு அங்கேயே சாகும். அடுத்த தலைமுறையில் சிறகில்லாத ஆண்கள் சுவரைக் குடைந்து வழிவிட, பெண்கள் மகரந்தத்தோடு வெளியேறும்.

நர்சரியில் தரும் புனே அத்தி வேறு இனம், மகரந்தமே இல்லாமல் பழுக்கும். 50 லிட்டர் பை போதும். பழம் மெத்தென்று ஆகத் தொடங்கும்போது ஒவ்வொன்றுக்கும் சின்னத் துணிப்பை கட்டிவிடுங்கள், கொண்டைக்குருவிக்குப் புறா வலை ஒரு பொருட்டே இல்லை.