ஒளவையார் என்று அடித்தால் பூஜ்யமா?

கரும்பலகை: "தமிழ்ப் பாடத்துக்கு கூகுள் படிவம் லாயக்கில்லை, சரியான விடைக்கே பூஜ்யம் போடுது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். கேள்வி, ஆத்திசூடியை இயற்றியவர் யார். விடைக்குறிப்பில் ஔவையார். பிள்ளைகள் அடித்தது ஒளவையார். ஔ ஒரே எழுத்து, யூனிகோடில், அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண் வரிசையில், 0பி94. பிள்ளைகள் போட்டது ஒ, அதாவது 0பி92, அப்புறம் ள, 0பிபி3. ஒ, ள இரண்டு எழுத்து. பூஜ்யம் சரிதான். வித்தியாசம் தெரியாதவர் கருவியைத் திட்ட வேண்டாம்.

தமிழம்மா: என்ன சரி? பல எழுத்துருக்களில் ஔ-வின் பின்பாதி சின்ன ள மாதிரியேதான் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே அடிக்கும்? விடைக்குறிப்பில் ஔவையார், ஒளவையார், அவ்வையார் மூன்றையும் சேருங்கள். 'மற்ற விடைகள் எல்லாம் தவறு' என்ற கட்டத்தில் டிக் வைக்காதீர்கள். மதிப்பெண்ணை உடனே வெளியிடாமல், சரிபார்த்தபின் என்று மாற்றுங்கள். பதில்களைக் கேள்வி வாரியாகத் திறந்தால் ஒரே மாதிரி விடைகள் சேர்ந்தே நிற்கும். ஒரு தட்டில் அத்தனை பேருக்கும் மதிப்பெண் போய்விடும்.

கரும்பலகை: தப்பான எழுத்தை விடைக்குறிப்பில் ஏற்றுவதா தமிழாசிரியர் வேலை? தமிழ்99 விசைப்பலகையில் ஔ-வுக்கு இசட் விசை, ஒரே தட்டு. சந்தேகம் என்றால் வேர்டில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட், எக்ஸ் சேர்த்து அழுத்துங்கள். 0பி94 என்று மாறினால் ஔ. 0பிபி3 வந்தால் ள. ஒ, ள இரண்டு எழுத்து, டீச்சர்.

பாமினிதாசன்: ஆரம்பிச்சாச்சா தமிழ்99 புராணம்! பத்து வருஷ வினாத்தாள் பாமினிங்கிற பழைய எழுத்துருவில் கிடக்கு. எழுத்துரு மாற்றியில் போட்டா தானா யூனிகோடு ஆகுது. இதுக்கு ஏன் புது விசைப்பலகை?

கரும்பலகை: அங்கேதான் கோளாறே. பாமினியில் ஔ-வுக்கு ஒ போட்டு ள போடுவார்கள். ஒழுங்கான மாற்றி அதை ஔ ஆக்கும், மற்றது அப்படியே விட்டுவிடும். ர் அடிக்கத் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைக்கும் பழக்கம் வேறு. மாற்றி தவறினால் 'யார்' கடைசியில் ர் இருக்காது, காலும் புள்ளியும்தான் இருக்கும். பார்வைக்கு ர் மாதிரியே தெரியும். அந்த விடைக்குறிப்பை வைத்தால் சரியாக அடித்த பிள்ளைக்குத்தான் பூஜ்யம். 1999-ல் தமிழ்99, 2010-ல் யூனிகோடு என்று தமிழ்நாடு அரசே ஏற்றாகிவிட்டது. இன்னும் பாமினியா?

விரிதாள்: எதற்குச் சண்டை? பதில்களை விரிதாளில் இறக்கி, சப்ஸ்டிட்யூட் என்ற சூத்திரம் போட்டு ஒள வருமிடமெல்லாம் ஔ ஆக்கினால் முடிந்தது.

தமிழம்மா: 'ஒளி' என்று ஒரு விடை இருந்தால்? ஒ, ள, இகரத்துக்கான மேல்விலங்கு. முதல் இரண்டும் ஔ ஆகிவிடும், மேல்விலங்கு புள்ளி வட்டத்தோடு அநாதையாகத் தொங்கும். 'ஒளவ' என்று தேடி 'ஔவ' ஆக்கணும். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை செய்து பாருங்கள்.

விரிதாள்: சரி, படிவத்திலேயே பதில் சரிபார்ப்பு வைத்து, ஔவையார் என்று இருந்தால்தான் ஏற்கும்படி செய்துவிடலாமே.

தமிழம்மா: தப்பாக அடித்தால் சமர்ப்பிக்கவே விடாது. தப்பு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளை சரியாகும்வரை மாற்றி மாற்றி அடிக்கும். அதற்குப் பெயர் தேர்வா?

கரும்பலகை: டீச்சர் அவ்வையாரையும் சேர்க்கச் சொன்னாரே, அது மட்டும் தேர்வா? பாடநூலில் ஔவையார்.

தமிழம்மா: அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔ என்று தொல்காப்பியமே சொல்கிறது. தங்கிலீஷில் அடிக்கும் பிள்ளைக்கு அவ்வையார்தான் வரும். இலக்கணம் ஒத்துக்கொண்டதை நீங்கள் மறுப்பீர்களா? யூனிகோடு என்று எழுதணுமா, தமிழில் ஒருங்குறி என்று எழுதணுமா என்று முன்பு மூன்று நாள் சண்டையை இழுத்தவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது!

கரும்பலகை: அதில் யார் இழுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டது எழுத்தை. தொல்காப்பியம் சொன்னது அ, உ. பிள்ளை அடித்தது ஒ, ள.

பாமினிதாசன்: கொள்குறி வினாவா வெச்சா இந்த வம்பே இல்லை. நாலு விடை, ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதான். அதையும் பாமினியிலதான் அடிப்பேன்.

கரும்பலகை: அடியுங்கள். அந்த நாலு விடையிலும் ஒளவையார் என்றுதான் வந்து நிற்கும். ஒ, ள. இரண்டு எழுத்து.