நிலப்பதிவுக்குப் பொதுவான தரவு மாதிரி: களத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (மென்பொருள் வடிவமைப்பு, சென்னை)

பத்திரப்பதிவு, வருவாய்த்துறை, நில அளவை மூன்றும் ஒரே நிலத்தைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கின்றன. மூன்றையும் ஒரே தரவு மாதிரிக்குள், அதாவது எந்த விவரத்தை எந்த அட்டவணையில் வைப்பது என்ற ஒரே அமைப்புக்குள், கொண்டுவரப் போனால் எதுவும் எதோடும் ஒட்டுவதில்லை.

வழிகாட்டி இல்லாமல் இல்லை. ஐஎஸ்ஓ 19152 என்ற சர்வதேசத் தரம் 2012இலேயே வந்துவிட்டது, எல்ஏடிஎம் என்பார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிலத்தின் அட்டவணையில் 'உரிமையாளர்' என்ற பத்தியே கிடையாது என்பது. நிலத்துண்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இரண்டையும் இணைப்பது உரிமை, கட்டுப்பாடு, பொறுப்பு என்ற மூன்று வகைப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் அது எந்த ஆவணத்தால் வந்தது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற விவரம் கூடவே இருக்கும்.

தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு கிராமத்தின் தரவை உள்ளே இறக்கிப் பார்த்தோம். ஒரு கிரயப் பத்திரத்தில் 1 ஏக்கர் 12 செண்ட். அதே நிலத்துக்குப் பட்டாவில் 0.43.5 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 7½ செண்ட். எங்கள் குழுவில் பாதிப் பேர் "பட்டா அளவை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த 4½ செண்ட் எங்கே போயிருக்கும்? இப்படிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர் (தஞ்சாவூர்)

தம்பி, அது எங்கேயும் போகவில்லை, முதலிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் பழைய பத்திரங்கள் மா, குழிக் கணக்கில் இருக்கும். பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, சுமாராக 33 செண்ட். கோல் நீளம் மாறினால் குழியும் மாறும். கோல் எத்தனை அடி என்று எழுதாமல் குழியை மட்டும் எழுதிய பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு ஒருவர் அதைச் செண்ட் ஆக்கியிருப்பார். அதற்குப் பின் வந்த பத்திரங்கள் எல்லாம் அந்த எண்ணையே பார்த்து எழுதியிருக்கும், நிலத்தில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். நில அளவைத்துறையின் வரைபடமான புலப்படம் மட்டும்தான் சங்கிலி போட்டு அளந்தது.

அதற்காகப் பத்திர அளவை அழித்துவிடாதீர்கள். நான்கு எல்லை தெளிவாக இருந்தால் கோர்ட்டில் அளவைவிட எல்லைதான் நிற்கும். எழுதியபடியே எண், எழுதிய அலகு, எந்த ஆவணம், என்ன தேதி, அத்தனையும் அப்படியே இருக்கட்டும். ஹெக்டேராக மாற்றியதைத் தனியாக வையுங்கள்.

அளவைவிடப் பெரிய வம்பு சர்வே எண்ணில் இருக்கிறது. 45 என்பது 45/1, 45/2 ஆகும். 45/2 உடைந்து 45/2ஏ, 45/2பி ஆகும். 45/2ஏ இன்னும் உடைந்து 45/2ஏ1 ஆகும். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) வேலையில் ஊர் ஊராக இப்படி மாறியது. ஒரு விவசாயி 45/2ஏ1க்கு 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று வந்தது. அடமானம் 45/2 என்ற பழைய எண்ணில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்ட எண்ணுக்குச் சரியான பதில்தான் வந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் பிறந்தது என்பதை உங்கள் மாதிரியில் வைக்காவிட்டால், கம்ப்யூட்டர் வேகமாகத் தவறான நிம்மதியைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆவண எழுத்தர் (ஈரோடு மாவட்டம்)

சார், ஆள் அட்டவணையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்த மென்பொருளில் வேலை செய்திருக்கிறேன். நம் ஊரில் கடைசிப் பெயர் யாருக்கு இருக்கிறது? இன்ஷியலைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டு ஒப்பேற்றினோம். ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் கந்தசாமிக் கவுண்டர், இன்னொன்றில் ச. கந்தசாமி, மூன்றாவதில் சின்னச்சாமி மகன் கந்தசாமி. மூன்றும் ஒருவர்தான் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யக் கூடாது. யார், எதைப் பார்த்து ஒன்று என்று சொன்னார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

அதே மென்பொருளில் பிறந்த தேதி கட்டாயம். ஒருநாள் கோயில் நிலத்துக் குத்தகைப் பத்திரம் வந்தது. சட்டப்படி நிலம் சாமிக்குச் சொந்தம், கோயிலை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட தக்கார் கையெழுத்துப் போடுவார். சாமிக்குப் பிறந்த தேதி என்ன போடுவது? பெரிய யோசனைக்குப் பிறகு தக்காரின் பிறந்த தேதியைப் போட்டார்கள். அவர் மாறிப் போன பிறகும் அந்தச் சாமிக்கு அதே வயதுதான்.

இன்னொன்று. பத்திரத்தில் 'சொத்து விவரம்' என்று எழுதுகிறோமே, அதில் மூன்று சர்வே எண், ஒரு கிணற்றில் பாதிப் பாகம், வண்டிப் பாதை உரிமை எல்லாம் சேர்ந்தே ஒரு சொத்து. எண்ணுக்கு ஒரு வரி என்று உடைத்தால் கிணற்றுப் பாகம் எதோடு போகும்?

நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர் (யாழ்ப்பாணம்)

குழிக் கதையைப் பாத்தோடனை எழுதவேணும் போல இருந்தது. எங்கட பக்கம் காணி உறுதியிலை, நீங்கள் பத்திரம் எண்டுறதிலை, பரப்புக் கணக்கு. வரகுக் கணக்கெண்டால் ஒரு பரப்பு 18 குழி, ஏக்கருக்கு 16 பரப்பு. நெல்லுக் கணக்கெண்டால் 24 குழி, ஏக்கருக்கு 12 பரப்பு. ரெண்டுக்கும் ஏக்கருக்கு 288 குழிதான் வரும். தஞ்சாவூர் ஐயா சொன்ன குழியிலை பாத்தால் ஏக்கருக்கு 302 சொச்சம். ஆகவே அலகுப் பெயரை மட்டும் வைச்சால் காணாது, எந்தக் கணக்கெண்டும் வைக்கவேணும்.

சர்வே எண் உடையிற பிரச்சினைக்கு எங்கட பழைய முறையிலை ஒரு வழி இருக்கு. 1927ஆம் ஆண்டு ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி காணிக்குக் காணி ஒரு தனிப் பக்கம், அந்தக் காணியின்ரை உறுதியெல்லாம் அந்தப் பக்கத்திலைதான் ஏறும். காணி பிரிஞ்சால் புதுப் பக்கம் திறந்து, பழைய பக்கத்தின்ரை இலக்கத்தையும் எழுதுவினம். நல்ல ஏற்பாடு. ஆனால் உறுதி பிழையான பக்கத்திலை ஏறிட்டுதெண்டால் வாங்கினவர் பாடு பெரும்பாடு. அப்பிடி ஒண்டைச் சரிக்கட்ட நான் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமில்லை.

ஒரு கேள்வியும் இருக்கு, அண்ணை. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணியை வெளியாளுக்கு விக்கமுன்னம் மற்றப் பங்காளருக்கு அறிவிக்கவேணும். அது உரிமையோ, கட்டுப்பாடோ? எந்தப் பெட்டிக்குள்ளை போடுவியள்?

வழக்கறிஞர் (மதுரை)

எல்லாரும் எல்லா முரணையும் பத்திரப்படுத்தச் சொல்கிறீர்கள். என்னிடம் வருகிற கட்சிக்காரர் ஒரே கேள்விதான் கேட்பார்: "வாங்கலாமா, கூடாதா?" நமது 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது, உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. தெற்கு ஆஸ்திரேலியா 1858இல் டோரன்ஸ் முறை கொண்டுவந்து, பதிவேட்டில் இருப்பதே உரிமை என்று ஆக்கிவிட்டது. இங்கே 2008இல் தொடங்கிய மத்திய அரசின் நிலப் பதிவேடு நவீனமயமாக்கல் திட்டமும் கடைசியில் அங்கேதான் போக நினைத்தது. ஆவணத்தில் எழுதியதை எல்லாம் அப்படியே சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு எப்போது போவோம்? ஒரு கட்டத்தில் யாராவது விசாரித்து, உத்தரவு போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதுவரை ஒன்றாவது செய்யுங்கள், பாகத்தைத் தசமத்தில் எழுதாதீர்கள். நான் பார்த்த ஒரு பாகப்பிரிவினையில் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/3. ஒருவர் இறந்ததும் அவர் மனைவிக்கும் மூன்று குழந்தைகளுக்கும் ஆளுக்கு 1/12. யாரோ அதை 0.33, 0.33, நான்கு 0.08 என்று அட்டவணையாக்கியிருந்தார்கள். கூட்டினால் 0.98. ஏக்கருக்கு 2 செண்ட் யாருக்கும் சொந்தமில்லை. அந்த 2 செண்டில் பாதை வந்தது, பாதையில் வழக்கு வந்தது.

தொடங்கியவர்

வக்கீல் சார், பாக விஷயத்தில் தரம் உங்கள் கட்சி. எல்ஏடிஎம் பாகத்தை மேல் எண், கீழ் எண் என்று பின்னமாகத்தான் வைக்கச் சொல்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. அந்தத் தேர்வை மென்பொருள்காரன் தரவை இறக்குகிற அன்றைக்குச் சத்தமில்லாமல் செய்யக் கூடாது என்பதுதான் என் பேச்சு. விசாரணை உத்தரவு வந்தால் அதுவும் ஓர் ஆவணம். பழைய பதிவுக்கு முடிவுத் தேதி போட்டு, உத்தரவு எண்ணோடு புதிய பதிவு வரட்டும். பத்திர அளவு, பட்டா அளவு இரண்டும் 4½ செண்ட் வித்தியாசத்தோடு அப்படியே நிற்கும், குழுவில் சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: விற்கிறவர் பக்கம் கட்டுப்பாடு, பங்காளர் பக்கம் உரிமை. இரண்டு பதிவாக வைத்து ஒன்றோடொன்று இணைப்பேன். சொத்து விவரம் முழுவதையும் ஒரே கட்டாக வைக்கவும் தரத்தில் இடம் இருக்கிறது, ஈரோட்டு நண்பரின் கிணற்றுப் பாகம் அதோடு போகும். பிறந்த தேதி கட்டாயத்தை எடுத்துவிட்டோம்.

ஐயா, மத்திய அரசு நிலத்துண்டுக்குக் கொடுக்கிற 14 இலக்க உல்பின் எண்ணை வைத்தால் சர்வே எண் வம்பு தீருமா?

ஓய்வுபெற்ற நில அளவர்

இனிமேல் உடைவதற்கு உதவும். ஏற்கெனவே உடைந்ததற்கு அதனால் ஆகாது. அது இன்றைய எல்லைப் புள்ளிகளை வைத்துத் தருகிற எண், நேற்று அந்த நிலம் எதோடு சேர்ந்திருந்தது என்று அதற்குத் தெரியாது. கிராமத்தின் சர்வே எண்களை வரிசையாக எழுதி வைத்திருக்கும் 'அ' பதிவேட்டை, யுடிஆருக்கு முந்தையதை எடுத்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆள் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஒரு கிராமத்தோடு ஆரம்பியுங்கள். பதிவேட்டுத் தாள் தொட்டால் பொடியாகிறது, முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.