பரிவுள்ளவரிடமே எல்லா முறைப்பாடுகளும் போக வேண்டுமா?

கொள்ளுப்பிட்டி மனிதவளம்:
ஊழியரின் குறைகளைத் துருவிக்கொண்டிருப்பதை விட, அவரது வலிமையை அறிந்து அதற்கேற்ற வேலையைக் கொடுப்பதே அவருடைய உளநலத்தைக் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம். உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் பரிவு, கற்றல் ஆர்வம் போன்ற 24 குணவலிமைகளை வகுத்துத் தந்தார்கள். தமது முதன்மை வலிமையை ஒரு வாரம் நாள்தோறும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததையும், அந்த மாற்றம் 6 மாதம் வரை நீடித்ததையும் 2005இல் செலிக்மன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எல்லா நிறுவனங்களும் ஊழியரின் வலிமைகளைக் கண்டறியும் செயலமர்வை நடத்த வேண்டும்.

கோட்டைக் கணக்காளர்:
சகோதரி, எங்கள் கந்தோரிலும் அத்தகைய செயலமர்வு நடந்தது. அங்கே நிரப்பிய வலிமைப் படிவத்தில் பக்கத்து மேசைத் தோழிக்குப் 'பரிவு' முதலிடத்தில் வந்தது. அடுத்த மாதமே, கோபத்தோடு வரும் வாடிக்கையாளர் அழைப்புகள் அத்தனையும் அவரிடம் திருப்பிவிடப்பட்டன. சோற்றுப் பார்சலை அவர் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் பிரிப்பார். இரண்டு வாய் உண்பதற்குள் தொலைபேசி அடிக்கும். இடக்கையால் எடுத்து, "மன்னிக்க வேண்டும், ஐயா" என்று தொடங்குவார். வெள்ளவத்தைக்குச் செல்லும் 100ஆம் இலக்க பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், இப்போது கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோயாக அல்ல, சரிவரக் கையாளப்படாத தொடர் வேலை அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. அப்படியிருக்க, மருந்தை ஊழியரின் குணத்தில் ஏன் தேடுகிறோம்?

கொள்ளுப்பிட்டி மனிதவளம்:
அது மேலதிகாரியின் பிழை. அதற்காக முறையையே பழிப்பது நியாயமல்ல. எங்கள் ஆவண அறையில் முடங்கிக் கிடந்த தம்பி ஒருவர், தமக்குக் கற்றலில் உள்ள ஆர்வத்தை அறிந்த பின், புதியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கத் தாமாகவே கேட்டு வந்தார். இன்று அவர் நடையே வேறு.

கோட்டைக் கணக்காளர்:
'தாமாகவே கேட்டு' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த 2005 ஆய்வில் சேர்ந்தவர்களும் தாமாக இணையத்தளத்துக்கு வந்தவர்களே. எவரும் மேலதிகாரி சொல்லி வரவில்லை. வேலைப்பளு கூடி, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை குறையும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகும் என்பதை 1979இலேயே வேலை அழுத்தத்தை ஆராய்ந்த கராசெக் எடுத்துக்காட்டினார். என் தோழியால் ஓர் அழைப்பைக் கூட மறுக்க முடியாது. 'இந்த வலிமையை வேலையில் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை' என்று எழுத உங்கள் படிவத்தில் ஓர் இடம் உண்டா?

கொள்ளுப்பிட்டி மனிதவளம்:
இல்லை. அடுத்த படிவத்தில் சேர்க்கிறேன். ஆனால் வேலையைப் பங்கிடுபவர்கள் பிரிவுத் தலைவர்கள். அவர்கள் இதுவரை ஒரு செயலமர்வுக்கும் வந்து அமர்ந்ததில்லை.