ஆர்பிடி மிரரிங்: விழுந்த தளம் திரும்பி வரும்போது முழு நகலைத் தவிர்க்க வழி உண்டா?

வணக்கம். ரூக்-செஃப் (குபெர்னெட்டிஸுக்குள் செஃப் சேமிப்பகத்தை நடத்தும் மென்பொருள்) ஓடும் இரண்டு குபெர்னெட்டிஸ் கிளஸ்டர்கள், தளத்துக்கு ஒன்று. மூன்றாவது இடம் கிடையாது. அதனால் ஸ்ட்ரெட்ச் கிளஸ்டர் (இரு தளங்களிலும் பரவிய ஒரே செஃப் கிளஸ்டர்) பேச்சே வேண்டாம். அதில் மானிட்டர்களின் (கிளஸ்டர் நிலையைக் கண்காணிப்பவை) பெரும்பான்மைக்கு நடுவர் ஒன்று வெளியே இருந்தாக வேண்டும். ஆர்பிடி மிரரிங் (செஃபின் வட்டு இமேஜ்களை மறுதளத்துக்கு நகலெடுப்பது) ஸ்னாப்ஷாட் முறையில், 5 நிமிடத்துக்கு ஒருமுறை. (தரவு இழப்பு 5 நிமிடம்தான் என்று நம்பிவிட வேண்டாம், பாதி வழியில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் கணக்கில் சேராது.)

ஒரு தளம் விழுந்தால் மறுதளத்துக்கு மாறிப்போவதில் பிரச்சினை இல்லை. பிவி (குபெர்னெட்டிஸின் நிலையான வால்யூம்) விவரங்களை மறுபக்கம் ஏற்றி, அதில் பழைய பிவிசியின் (வால்யூம் கோரிக்கை) யுஐடியை நீக்கி, வால்யூம்ரெப்ளிகேஷனைப் (நகலெடுப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) பிரைமரி (எழுதக்கூடிய பக்கம்) ஆக்கினால் போதும்.

திரும்புவதுதான் தலைவலி. பழைய தளம் உயிர் பெற்றதும் இரு பக்கமும் இமேஜ் பிரைமரி. பழையதை டிமோட் செய்தால் (பிரைமரி நிலையிலிருந்து இறக்கினால்) ஸ்பிளிட்-பிரெயின் (இரு பக்கத் தரவும் பிரிந்துபோன நிலை). ரீசிங்க் (மறு ஒத்திசைவு) கொடுத்தால் அந்தப் பக்க இமேஜைத் தூக்கிவிட்டு முழுவதையும் மறுபடி இழுக்கிறது. 4 டெராபைட்டை நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் இழுக்க, வேறு போக்குவரத்தே இல்லாவிட்டாலும் சுமார் 9 மணி நேரம். அதுவரை இரண்டாம் நகலே கிடையாது. முன்கூட்டியே திட்டமிட்டு, முதலில் டிமோட், பிறகு பிரமோட் என்று மாற்றினால் இந்தத் தொல்லை வருவதில்லை.

இரு தளத்துக்கும் பொதுவான கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்து வேறுபாட்டை மட்டும் அனுப்பி யாராவது மீட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தரவும் வால் (WAL, மாற்றங்களை முதலில் எழுதும் பதிவு) கோப்புகளும் தனித்தனி வால்யூமில் இருக்கின்றன. ஸ்னாப்ஷாட்டுகள் வெவ்வேறு நொடியில் விழுந்தால் மறுபக்கம் எழும்பும் தரவுத்தளத்தை நம்ப முடியாது. வால்யூம்குரூப்ரெப்ளிகேஷனை (பல வால்யூம்களை ஒரே குழுவாக நகலெடுப்பது) உற்பத்திச் சூழலில் நம்பி ஓட்டுபவர்கள் உண்டா, இல்லை இரண்டையும் ஒரே வால்யூமில் போட்டுவிடுகிறீர்களா? செஃப் பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.